மொட்டைக் கடுதாசியும் ஐந்து கோழிகளும்

ஈரத் தவிடும் கோழி எச்சமும் கலந்து வீசிய அந்த நெடி, ஐம்பது வருடம் கழித்தும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில், எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் அம்மா ஐந்து பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்த்தாள். பக்கத்து வீட்டு மாமியின் மகள் வசந்தா என் வகுப்பில் படித்தாள். அவளுக்கு நெஞ்சு பலவீனம். பாலில் முட்டை அடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர்களோ சைவம். அதனால் மாமா ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு, பூக்கூடைக்குள் முட்டையை ஒளித்துக் குட்டைச் சுவர் வழியாக நான் நீட்டுவேன். "ஆத்துல மாமாக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்டி" என்று தினமும் சொல்லிக்கொண்டே மாமி வாங்கிக்கொள்வாள்.

ஒரு நாள் கார்ப்பரேஷன் நோட்டீஸ் வந்தது. குடியிருப்புக்குள் அனுமதியில்லாமல் கோழி வளர்க்கக் கூடாதாம், ஏழு நாளில் அப்புறப்படுத்த வேண்டுமாம். "யாரோ 'மொட்டைக் கடுதாசி' போட்டுக்கீறாங்கம்மா, நாங்க இன்னா பண்றது?" என்றார் அதைக் கொண்டுவந்த பியூன்.

அன்றிலிருந்து எனக்கு எந்த முகமும் சரியாகப் படவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் மூடினால் சந்தேகம், பால்காரர் கொல்லைப் பக்கம் பார்த்தால் சந்தேகம். கடைசியில் அது மாமிமேல் வந்து நின்றது. "உங்காத்துச் சேவல் நாலு மணிக்கே ஆரம்பிச்சுடறதே" என்று சலித்துக்கொண்டவள் அவள்தானே? "சீ, அவங்களா?" என்றாள் அம்மா, அரை மனதோடு. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

ஆறாம் நாள், மாமா வாசலில் செருப்பு மாட்டும் நேரம் பார்த்து, வேண்டுமென்றே உரக்கக் கேட்டேன்: "மாமி, இன்னிக்கு முட்டை வேணாமா?"

மாமியின் முகம் வெளுத்துவிட்டது. அதன்பின் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கை நீளவேயில்லை.

மறுநாள் சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் அம்மா அந்தக் கடுதாசியைக் கேட்டுச் சண்டை பிடித்தாள். "காட்டக் கூடாதும்மா" என்றபடியே அவர் காட்டினார். தமிழாசிரியரான அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. "தூக்கமே இல்ல. உங்கிட்ட சொன்னா நீ கேக்கவா போற?" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. கோழிகள் கொட்டிவாக்கத்திலிருந்த சித்தி வீட்டுக்குப் போயின. கடை முட்டையாவது வாங்கி நீட்டியிருக்கலாம், வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது. கொல்லையும் இல்லை, குட்டைச் சுவரும் இல்லை. வசந்தா அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். தெருவிலுள்ள அத்தனை பேரையும் துருவித் துருவிச் சந்தேகப்பட்ட நான், அவள் ஏன் நின்றாள் என்று மட்டும் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.