அம்மாவுக்கு நான் கொடுக்காத வாடகை

அன்று மாலை வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். தங்கை இன்னும் கல்லூரியிலிருந்து வரவில்லை. அவள் இருந்திருந்தால் என் பக்கம் ஒரு குரல் கூடியிருக்கும்.

மந்தைவெளியில் எங்கள் ஹவுசிங் போர்டு வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அதற்கு நான் மாதாமாதம் வாடகை தருவதாக ரசீது எழுதி, அம்மா ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டால், என் சம்பளத்தில் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். தி. நகரில் என் ஆபீசில் பாதிப் பேர் ஜனவரியில் பெற்றவர்களை வீட்டு ஓனர் ஆக்கிவிடுவார்கள்.

அப்பாவின் ஆட்டோவுக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்துக் காட்டினால்தான் வண்டி ரோட்டில் ஓடும். என் சம்பளத்தை நம்பி மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தார். ஸ்டாம்பும் அவரே வாங்கி வந்திருந்தார்.

அம்மா பேனாவைத் தொடவில்லை. "பெத்த புள்ளகிட்ட வாடகை வாங்குனேன்னு எழுதணுமா? அப்ப போன மாச வாடகை எங்கடா?" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

நான்தான் வேண்டாம் என்றேன். கார்ப்பரேஷன் ஸ்கூலில் புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மதியச் சாப்பாடு, எதற்கும் நாம் காசு கொடுத்ததில்லை, யாரோ கட்டிய வரிதானே என்றேன்.

"நீ கட்றது உன் ஸ்கூலுக்கா போவப் போவுது நைனா?" என்றார் அப்பா. "யாரோ கட்னாங்களாம். வண்டிக்கு கேஸ் போட்டா வரி, டயர் வாங்குனா வரி. உன்ன படிக்க வச்சதுல என் காசும் கீது."

டெல்லிக்குப் போகும் பணத்தில் எவ்வளவு அந்த வகுப்பறைக்குத் திரும்பும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் அவரால் ஒரு டயருக்குக்கூடப் பொய் எழுதித் தப்பிக்க முடியாது. தப்பிக்கும் வசதி எனக்கு வந்ததே அந்தப் படிப்பால்தான்.

ரசீதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்ற மறுநாள் ஆறு மணிவரை கெடு. சீட்டில் உட்கார முடியவில்லை. டீக்கடைக்கும் லிஃப்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு நண்பன், "இன்னா மச்சி, கவர்மென்ட் உனக்கு சிலை வைக்கப் போவுதா?" என்றான். எதையும் ஏற்றாமலே ஆறு மணி ஆனது. பெருமை எதுவும் வரவில்லை. பொய் ரசீதையே ஏற்றியிருக்கலாமோ என்று வீடு வரும்வரை தோன்றிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா தினமும் தவணை கட்டும் தண்டலுக்குக் கடன் வாங்கினார். அந்தப் பணம் கைக்கு வரும்வரை ஒரு வாரம் எஃப்.சி. இல்லாமல் வண்டி தெருவிலேயே நின்றது. ஸ்டாண்டில் கேட்டவர்களிடம், "என் புள்ள கவர்மென்ட்டுக்குச் சம்பளம் குடுக்கறான்" என்றாராம். என்னிடம் ஏப்ரல் வரை பேசவில்லை.

தண்டல் முடிந்த அன்று வாசற்படியில் உட்கார்ந்து, வரி, வட்டி, வண்டி நின்ற வாரத்தின் கலெக்‌ஷன் எல்லாவற்றையும் அவரே கூட்டிச் சொன்னார்: முப்பத்தாறாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.