நான் மினுக்கிய ஊசி

எழுதினால் எனக்குத்தான் வெட்கம் என்று இதை விட்டுவிடப் பார்த்தேன். பிராங்பேர்ட்டில் ஒரு அருங்காட்சியகப் பட்டறையில் பெட்டி தூக்கும் வேலை எனக்கு. நிரந்தரமாகிற நேரம். பிரிஜியர் என்ற பழங்கால மக்களின் கல்லறைப் பொருட்கள் வந்திருந்தன.

மேசையில் வில்லாய் வளைந்த வெண்கல ஊசி ஒன்று கிடந்தது. உடுப்பில் குத்துவது; நம் சேலைப் பின்னுக்குப் பூட்டன் முறை. முழுக்கப் பச்சைக் களிம்பு. அம்மா குத்துவிளக்கு மினுக்குவதுபோல், தேநீருக்கு வைத்திருந்த தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், வெட்டித் தேய்த்தேன். பளபளத்தது.

பட்டறைக்குப் பொறுப்பான ஜெர்மன் பெண்மணி அதைக் கண்டு வெளிறிப்போனார்.

“ஊத்தையெல்லாம் போயிட்டுது, சந்தோசப்படுங்கோ,” என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

“ஊத்தையோ? இதைச் சுத்தி வைச்ச துணி எப்பவோ உக்கி மண்ணாப்போச்சு. அதின்ர நெசவு இந்தப் பச்சையிலை மட்டும்தான் பதிஞ்சு கிடந்தது!”

நான் சிரித்தேன். “அப்ப திருப்பி மண்ணுக்கை தாட்டு வைப்பமோ?”

அவர் கதவைக் காட்டினார். வேலை போனது. ஆயிரக்கணக்கான வருடம் தப்பிக் கிடந்ததை அரை நிமிடத்தில் அழித்தவன் நான் என்பது, வீடு திரும்பும் ரயிலில்தான் உறைத்தது.

வேலை எடுத்துத் தந்த நண்பன் சுதனுக்கு நடந்ததையெல்லாம் எஸ்எம்எஸ்ஸில் எழுதினேன்.

“மன்னிப்புக் கேட்டியோ, இல்லை சிரிச்சுப் பகிடி மட்டும்தான் விட்டியோ?” என்று பதில் வந்தது.