ஒரு பிடி துரியோதனன் மண்

அருங்காட்சியகத்தில் களிமண் பொம்மை செய்து கதை சொல்லும் பயிற்சிக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். பெற்றோரும் செய்ய வேண்டும் என்று ஈர மண்ணை என் கையிலும் வைத்தார்கள். அந்த வாசனையில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

எங்கள் கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள், கூத்தில் துரியோதனன் தொடை பிளந்ததும், தரையில் செய்திருக்கும் அவனுடைய பெரிய மண்ணுருவத்திலிருந்து ஆளுக்கொரு பிடி அள்ளுவார்கள். அதைக் குதிரில் போட்டால் நெல் குறையாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பிடியை எடுத்துவர அம்மா என்னையும் அக்காவையும் அனுப்பினாள். வழியில் அக்கா அதைப் பிசைந்து பொம்மை செய்தாள்.

"சாமி மண்ணுக்கா. அம்மா அடிக்கும்."

"அடிச்சா நான் வாங்கிக்கிறேன். நீ கம்முனு வாடா, பயந்தாங்கொள்ளி."

வெயிலில் பொம்மை வெடித்து உடைந்தது. மண் கொட்டிவிட்டதென்று அம்மாவிடம் நான்தான் பொய் சொன்னேன். அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்துபோனாள். பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. அந்தப் பொம்மைதான் அவளைக் கொன்றது என்று நினைத்து, நான் வாயையே திறக்கவில்லை.

"உங்க கதை என்ன சார்?" என்றார் பயிற்சி தந்த பெண். கூச்சத்தோடு, தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

மகள் என்னையே பார்த்தாள். "எனக்கு அத்தை இருந்தாங்களா? அவங்க பேரு இன்னாபா?"

"மல்லிகா" என்றேன். சொன்னதும், யாரோ "இன்னாடா?" என்று கேட்டதுபோல் திரும்பிப் பார்த்தேன்.