அக்காவின் தங்க அட்டையும் அம்மாவின் திருச்சியும்

என் அக்காவின் பெட்டியில் ஒரு மஞ்சள் பட்டை தொங்கும். விமானக் கம்பெனி கொடுத்தது. அதில் அக்காவின் பெயரும் ‘கோல்ட்’ என்ற சொல்லும் பளபளவென்று பொறித்திருக்கும். அது இருந்தால் விமான நிலையத்தில் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். இருபது கிலோ கூடுதலாகக் கொண்டுவரலாம். வந்து இறங்கினால் பெட்டி மற்றவர்களுக்கு முன்னால் வெளியே வரும். அந்தப் பட்டையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல வெட்கமில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான், அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

அக்கா வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் கால் தரையில் படாதவர்கள். வெயில் ஏறினால் லண்டன், பள்ளிக்கூடம் மூடினால் சுவிட்சர்லாந்து. பிள்ளைகள் போகிற இடமெல்லாம் அக்காவும் போக வேண்டும். அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை யாரோ, எல்லோருக்கும் கார்ட் எடுக்கும்போது அவள் பெயரிலும் ஒன்று எடுத்துவிட்டார். பறக்கிற தூரத்துக்கெல்லாம் புள்ளி சேர்ந்தது. சேர்ந்த புள்ளி அவளைத் தங்கமாக்கியது. அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள், நான் உயர்தரம் வரை படித்தவள். படித்த நான் ஹாலிஎலவிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அவள் ஆகாயத்தில் சாய்ந்து உட்கார்ந்து பழரசம் குடிக்கிறாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“முன்னால ஒரு நாளும் உக்காந்ததில்லடி. கடைசி சீட்டுலதான் இருப்பேன். சின்னது அழுதா முன்னுக்குக் கூப்புடுவாங்க, தூக்கி வச்சுக்கிட்டு நிப்பேன்” என்று அவள் ஒருமுறை போனில் சொன்னாள். நான் நம்பவில்லை. நம்பப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி.

எனக்கு வேலை பதுளைக் கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில். கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். அங்கே வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். சாயந்தரம் வீட்டுக்குப் போனால் தேயிலைக் கொழுந்து பறித்தே தேய்ந்துபோன அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பேன். மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ஆனால் யார் வந்தாலும் அம்மா வாய் திறந்தால் “என் பெரியவ”தான். அக்காவின் பழைய பட்டை ஒன்றை வாங்கி, முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்குப் பொட்டு வைத்த விரலாலேயே அதற்கும் ஒரு பொட்டு வைப்பாள்.

“அதுக்கு எதுக்கும்மா குங்குமம்?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும் புள்ள. அவள ஏத்தி எறக்கி விடுறது அதுதானே.”

தினமும் என்னை ஏற்றி இறக்குகிற பதுளை பஸ்ஸுக்கு யார் பொட்டு வைத்தார்கள்?

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவளுடைய அக்கா, எங்கள் பெரியம்மா, தோட்டத்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் புருஷன் குடும்பத்தோடு கப்பலேறிப் போனவள். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. பெரியம்மா திருச்சிப் பக்கம் இருக்கிறாள். போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசி முடிந்ததும் அம்மா திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து வைப்பாள். ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பாள், அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

ஒருநாள் அக்கா துள்ளிக்கொண்டு போன் செய்தாள். அவளுடைய புள்ளிக்கு, கூட்டாளிக் கம்பெனி விமானத்தில் கொழும்பிலிருந்து திருச்சிக்கு இரண்டு பேர் சும்மா போய் வரலாமாம். அம்மாவும் அவளும். “டிக்கட் போட அம்மாட பாஸ்போர்ட் நம்பர் வேணும், அத மட்டும் எடுத்துக் குடுடி, மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்.”

மூன்றாவது ஆளுக்குப் புள்ளி காணாது என்று அவள் சொன்னாள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள். அதுதான் இன்னும் குத்தியது. எண்ணெய் தேய்க்க நான், பறக்க அவளா?

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும், அம்மாவுக்கு அது கிடையாது. தோட்டத்தில் பிறந்து, பதியாமல் விட்டுப்போன எத்தனையோ பேரில் அவளும் ஒருத்தி. இந்த வயதில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம், சத்தியக் கடதாசி என்று எல்லாவற்றையும் நானே ஓடியாடி எடுத்தேன். ஊருக்கே எழுதிக் கொடுக்கிறவள், என் வேலைக்கு என்ன குறை? பத்திரமும் வந்தது. கச்சேரியில் தேதியோடு சிவப்பு முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கடைக்குக் கொண்டுவந்து மேசை லாச்சியை இழுத்து, உள்ளே வெள்ளைக் கடதாசிக் கட்டுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குப் போகும்போது எடுத்துப் போகலாம் என்றுதான் வைத்தேன்.

நாளைக்கு எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் எடுக்கவில்லை.

“என்னடி ஆச்சு?” என்று வாரா வாரம் அக்கா கேட்டாள்.

“கச்சேரியில இழுத்தடிக்கிறாங்க அக்கா. இன்னைக்கு வா, நாளைக்கு வான்றாங்க.”

சொல்லும்போது என் முழங்கை அந்த லாச்சியின் மேல்தான் இருந்தது. ஏழு வாரம் இப்படிப் போனது. அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, ‘நீயும் வாடி, உனக்கு நான் காசுக்கு டிக்கட் போடுறேன்’ என்று சொல்லுவாள் எனக் காத்திருந்தேன். அம்மா பக்கத்து வீட்டாரிடம் திருச்சியைப் பற்றிப் பேசப் பேச எனக்குப் பிடிவாதம் ஏறியது. பெரியவளோடு போகிறேன், பெரியவள் கூட்டிப்போகிறாள் என்பாள். என் பெயர் அந்தப் பேச்சில் கச்சேரிக்கு அலைகிறவளாகக்கூட வரவில்லை.

எட்டாவது வாரம் அக்கா அழுதுகொண்டே பேசினாள். அவளுடைய விமானக் கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிட்டதாம். மாதம் முடிவதற்குள் டிக்கட் போட்டால் பழைய கணக்கு. அதற்குப் பிறகு அதே டிக்கட்டுக்கு இரண்டு மடங்கு புள்ளி வேண்டும். கார்டும் இனித் தங்கம் இல்லை. மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

எங்கள் கடைக்குப் பாஸ்போர்ட் கொப்பி அடிக்க வருகிற டிக்கட் ஏஜென்ட் ஒருவரிடம், யாருக்கோ போல விசாரித்தேன்.

“ரெண்டு கம்பெனி சேர்ந்தா ரெண்டு பக்கத்து கார்ட்காரங்களும் ஒரே வாசலுக்குத்தான் வருவாங்க தங்கச்சி. எல்லாருக்கும் சும்மா டிக்கட், எல்லாருக்கும் முன்வரிசைன்னு குடுத்தா அப்புறம் விக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்? லாபம் காட்டணும்னா மொதல்ல சும்மா குடுக்கிறதத்தான் வெட்டுவாங்க. இனிமே தூரத்துக்குப் புள்ளி இல்ல, செலவழிக்கிற காசுக்குத்தான் புள்ளி. மொதலாளி வாங்கிக் குடுத்த மலிவு சீட்டுல பறக்கிற பொண்ணுக்கு என்ன கெடைக்கும்?”

அவர் சொல்லச் சொல்ல என் நெஞ்சு குளிர்ந்தது. தங்கம் கழன்றது என்று ஒரு சந்தோஷம். அது ஒரு நிமிஷந்தான் இருந்தது. பிறகு லாச்சி ஞாபகம் வந்தது.

அன்றே பத்திரத்தை எடுத்தேன். மறுநாள் விடிய அம்மாவை ரயில் கோச்சியில் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். ஒரே நாளில் பாஸ்போர்ட் கொடுக்கும் சேவைக்கு முன்கூட்டியே நாள் எடுத்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது புது மாதம் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அம்மாவிடம் கம்பெனிகள் சேர்ந்த கதையை எப்படி விளக்குவது என்று திணறினேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

“நம்ம தோட்டத்தையும் மேல்தோட்டத்தையும் ஒண்ணாக்கினப்ப சும்மா குடுக்கிற மாசத் தேயிலத்தூள் பொட்டலம் சின்னதாச்சே, அது மாதிரிதானே? பெரிய தொர மாறினா மொதல்ல நம்ம பொட்டலத்துலதான் கை வைப்பாங்க.”

அக்கா காசுக்கே டிக்கட் எடுக்கிறேன் என்றாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “சும்மா கெடைச்சா போகலாம்னு இருந்தேன். யாரோ பெத்த புள்ளய நீ தூக்கிச் சம்பாரிச்ச காசுல நான் ஊர் பாக்க மாட்டேன்” என்று ஒற்றைக் காலில் நின்றாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

நாலு மாதத்தில் பெரியம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்றார்கள், இரண்டே நாள். அம்மா போனில் அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு வழக்கம்போலத் திரையைத் துடைத்தாள்.

பிறகு அக்கா லீவில் வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவளுக்காக நான் காத்திருந்தேன். முன்பெல்லாம் முதல் ஆளாக வருகிறவள், எல்லோரும் போன பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெட்டியில் மஞ்சள் பட்டை இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியம்மா செத்துப்போன பிறகும் அப்படித்தான் இருந்தது, என்ன செய்வது.

வீட்டில் அம்மா ஒரு பொலித்தீன் பையை அவிழ்த்து, வெற்றுப் பக்கங்களோடு இருந்த பாஸ்போர்ட்டை அக்காவின் மடியில் வைத்தாள். அதோடு பிறப்புப் பத்திரமும் வெளியே வந்தது. அக்கா அதைப் புரட்டினாள். எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் தேதி வாசிப்பாள். சிவப்பு முத்திரையில் அவள் விரல் நின்றது. உதடு அசைந்தது, வாரங்களை எண்ணினாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

“இது நேரத்துக்குக் கெடைச்சிருந்தா என் அக்காவப் பாத்திருப்பேன் புள்ள. ஏன் இவ்ளோ நாள் வச்சிருந்தாங்க?” என்று அம்மா கேட்டாள்.

அக்கா சொல்லிவிடட்டும் என்றுதான் இருந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டு அடித்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அக்கா பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக் கட்டினாள்.

“கச்சேரி ஆளுங்க அப்புடித்தாம்மா” என்றாள். “தங்கச்சி என்ன பண்ணுவா, அவதான் எவ்வளவு அலைஞ்சிருப்பா.”

அம்மா என்னைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, “ஆமா, என் சின்னவ பாவம்” என்றாள். அந்தச் சொல்லைக்கூட எனக்கு அக்காதான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.