பறிபோன நெரை

கொழுந்து கிள்ளிய பச்சை வாடை அம்மாவின் கையை விட்டுப் போகவே போகாது. சோறு ஊட்டும்போதும் நாக்கில் கசப்பாக ஒட்டும். தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மழை விட்டு மலை முழுக்கக் கொழுந்து பொங்கிக் கிடந்த ஒரு சித்திரையில், அந்த வாடை இல்லாமல் அம்மா வீட்டோடு இருந்தாள்.

சென்ற மாதம் பதுளையில் பழைய கிரேக்கக் காவியம் ஒன்றின் தமிழாக்கம் வாங்கினேன். பெரிய போரைப் பாடும் காவியம், ஆனால் போர் மூண்ட கதையை விட்டுவிட்டு, பல வருஷம் கழித்து, ஒருவனுடைய கோபத்தில் ஆரம்பிக்கிறது. பூசாரியின் மகளைச் சிறைவைத்த அரசன், கொள்ளைநோய் வந்ததால் அவளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிறது. தனக்குப் போனது இன்னொருவனுக்கும் போகட்டும் என்ற வீம்பில், படையின் முதல் வீரனுக்குக் கிடைத்த பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். வீரனோ கையிலிருந்த கோலைத் தரையில் எறிந்து, இனிச் சண்டைக்கு வரமாட்டேன் என்று போய் உட்கார்ந்துவிடுகிறான். பெண்களைச் சாமான்போல் கைமாற்றுவதைப் படிக்க எரிச்சலாக இருந்தாலும், அட, இது எங்கள் கருப்பையா கங்காணி கதையல்லவா என்று கடை வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தேயிலைச் செடி வரிசையைப் பிரித்துக் கொடுப்பவர் கங்காணி. அந்த வரிசையை "நெர" என்போம். நல்ல நெரை ஒன்றை ஒரு கைம்பெண்ணிடமிருந்து பிடுங்கி அவர் தன் மருமகளுக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கைம்பெண் தோட்ட மேலாளரான துரையிடம் போய் முறையிட, காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடும் "பெரட்டு"க் களத்தில் வைத்தே, திருப்பிக் கொடு என்று துரை சொல்லிவிட்டார். கங்காணிக்கு முகம் செத்துப்போயிற்று. துரை தலை மறைந்ததும் அம்மா பக்கம் திரும்பினார்.

"லெச்சுமி, ஒன் நெரய எம் மருமகளுக்கு விடு. நீ மேல் மலைக்குப் போ."

தோட்டத்தில் அம்மாவுக்கு இணையாகக் கொழுந்தெடுக்க ஆளில்லை. செடியின் மட்டம் பார்க்க வைத்திருக்கும் "மட்டக்கம்பை" அவர் காலடியில் வீசினாள்.

"இந்தக் கைய வச்சுத்தானே தொரகிட்ட நல்ல பேரு வாங்குனீங்க? இனி நா மலைக்கு வந்தா ஏன்னு கேளுங்க!"

பள்ளிக்கூடம் போகும் வழியில் அக்காவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். மேலே கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் வந்து கெஞ்சியும் அசையவில்லை. எங்களுக்கு அப்பா இல்லை. வீட்டிலிருந்து ஒருவராவது வேலைக்குப் போகாவிட்டால் லயத்து அறையான "காம்பரா"வைக் காலி பண்ண வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் பூட்டுப் போடுவோம் என்று கணக்கப்பிள்ளை வந்து சொல்லிப் போனார்.

"போட்டா போடட்டும்" என்றாள் அம்மா. எங்கே போய்ப் படுப்போம் என்று நான் அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை காலை, ஹாலிஎலவில் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்த சரசு அக்கா வெள்ளைச் சீருடையைத் தொடவில்லை. ஈரம் படாமல் அம்மா இடுப்பில் சுற்றும் "படங்கை" எடுத்துத் தன் இடுப்பில் சுற்றினாள். கூடையை நிமிர்த்தித் தலையில் மாட்டினாள்.

"எங்கடி போற?"

"காம்பராவுக்கு ஆளு வேணுமில்ல?"

அம்மா எழுந்திருக்கவில்லை. வீடு மிஞ்சியது, அக்கா மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை.

இன்று அங்கே பெரட்டும் இல்லை, நெரையும் இல்லை. செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மேல் மலை புல் மூடிக் கிடக்கிறது. கங்காணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன ஞாயிறு, பசறையில் அக்கா வீட்டில் உட்கார்ந்து இந்தக் காவியக் கதையைச் சொன்னேன். அம்மா காது கொடுத்துக் கேட்டாள்.

"அந்த ஆளு கடைசில சண்டைக்குப் போனானா இல்லயா?"

"போனாம்மா. அவனோட கவசத்த மாட்டிக்கிட்டு, அவனுக்குப் பதிலாப் போன சிநேகிதன் செத்த பொறகு."

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. அவள் அழுது நான் அதுவரை பார்த்ததேயில்லை.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை அவள் கையில் வைத்தாள்.

"நாந்தான் சாகலயேம்மா."