இல்லாத ஓவியரின் மேனேஜர்

1991ஆம் வருஷத் தொடக்கத்தில் நான் ஓர் ஓவியருக்கு மேனேஜர் ஆனேன். என்னை யாரும் நியமிக்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் நடுவில் வளைந்துவிடும் கை எனக்கு. ஆனால் படத்தை விற்பதற்குக் கை எதற்கு, வாய் போதுமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் லாரி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது நான் டெஸ்பாட்ச் கிளார்க். என் மேஜையிலிருந்து இரண்டு தடுப்பு தள்ளி டிராயிங் ஆபீஸ். அங்கே டிரேசராக ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை மெல்லிய தாளில் மையால் அப்படியே நகல் எடுப்பதுதான் அவர் வேலை. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனார்.

ஒரு நாள் பார்சலுக்குள் திணிக்கப் பழைய காகிதம் கேட்டு அவரிடம் போனேன். கெட்டுப்போன நகல் தாள்கள் ஒரு கட்டு தந்தார். என் மேஜைக்கு வந்து கசக்கப் போகும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். நின்றபடியே தூங்கும் கண்டக்டர். மடியில் கோழியை வைத்துக்கொண்டு, கோழிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சண்டை போடும் கிழவி. எங்கள் கேன்டீனில் சாம்பாருக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கும் வெல்டர். அந்த வெல்டர் யாரென்று எனக்குத் தெரிந்தது. முதுகை மட்டும்தான் வரைந்திருந்தார், இருந்தும் தெரிந்தது.

"அக்கா, இதெல்லாம் வித்தா இன்னா?"

"யாருடா வாங்குவாங்க? அந்தக் கெழவிகூட வாங்காது."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

என் வாழ்க்கையில் 'அதெல்லாம் நான் பாத்துக்கறேன்' என்று நான் சொன்ன எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை. இது அக்காவுக்கு அப்போது தெரியாது.

முதல் வேலையாக விசிட்டிங் கார்டு அடித்தேன். மேலே கொட்டை எழுத்தில் என் பெயர். அதன் கீழே 'மேனேஜர், ஓவியம், காலண்டர், விளம்பரம்'. மூலையில் ஒரு தூரிகை. அந்தத் தூரிகையைக்கூட அக்காவை வரையச் சொல்லவில்லை. அச்சகத்தில் ஏற்கெனவே கிடந்த பிளாக்கைப் போட்டுவிட்டார்கள். கார்டைப் பெருமையாக அவரிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க கீறேன்?"

"அக்கா, உங்க பேரு போட்டா பொம்பளன்னு தெரிஞ்சிடும். ரேட்டு வுழுந்துடும். மெட்ராஸ்ல ஒரு பெரிய ஓவியர், நான் அவரோட மேனேஜர்னு சொல்லிக்கறேன்."

அவர் கார்டை என் சட்டைப்பையிலேயே செருகினார். "சரி, ஆம்பளயாவே இருந்துட்டுப் போறேன். மீச மட்டும் நீ வாங்கிக் குடுத்துடு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது வெகு நாள் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் வாடிக்கையாளர் வாலாஜாபாத் பக்கம் ரைஸ்மில் வைத்திருந்தவர். சித்திரைக்குக் காலண்டர் போடப் போகிறார் என்று கேள்விப்பட்டு, களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். மில்காரர் அதைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பொம்பளைங்கல்லாம் வேர்த்து வழிஞ்சிகினு கீறாங்க?"

"வெயில் மொதலாளி."

"வெயிலு எனக்குத் தெரியாதா? காலண்டர்ல எதுக்கு வெயிலு?"

கடைசியில் பெண்களே வேண்டாம் என்றார். அவரே நடுவில் நிற்க வேண்டும், பின்னால் மூட்டைகள் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு போட்டோ கொடுத்தார். அவருக்குத் தலைநிறைய முடி இருந்த காலத்துப் போட்டோ. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. பஸ் மில் வாசலில் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்திருக்கிறார், அப்படியே வரைந்துவிட்டார். நானும் சரிபார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் படத்தையெல்லாம் பார்க்க வேண்டுமா என்ன?

மில்காரர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் இப்பிடியா கீறேன்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "அய்ய, உரிச்சி வெச்சா மாதிரியே கீது! அந்தக் கழுத்து மடிப்பப் பாரேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உங்க ஓவியருக்குக் கண்ணு சரியில்ல போல. கண்ணாடி போடச் சொல்லு" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார் மில்காரர். அந்தச் சித்திரைக்கு அவர் மில் காலண்டரில் சிவகாசி லட்சுமிதான் வந்தாள். அவளுக்குக் கழுத்து மடிப்பு இல்லை.

அடுத்தவர் ஸ்ரீபெரும்புதூரில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியவர். வாசல் சுவர் முழுக்க ஊர்வலப் படம் வேண்டும் என்றார். ரேட்டு என்று வாயைத் திறந்தேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "துட்டு இன்னாத்துக்கு தம்பி? ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் பேரு வராங்க. ஆயிரம் பேரும் உங்க படத்தப் பாப்பாங்க. நியாயமாப் பாத்தா விளம்பரத்துக்கு நீங்கதான் எனக்குக் குடுக்கணும்."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவர் பேச்சு எனக்கு நியாயமாகப் பட்டது. நல்ல செய்தி போல அதை அக்காவிடம் கொண்டுபோனேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு அவர் கேட்டார்: "சமையல்காரருக்கும் இப்பிடித்தான் சொல்லுவாரா? உன் சோத்த ஆயிரம் பேரு துன்றாங்க, போய்ட்டு வா, துட்டு எதுக்குன்னு?"

அந்த வேலையும் போனது.

பிப்ரவரியில் எங்கள் கம்பெனியிலேயே வழி பிறந்தது. பாதுகாப்பு வாரம் வரப்போகிறது, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மாட்டப் படங்கள் வேண்டும் என்று பர்சனல் ஆபீசர் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் பம்பாயிலிருந்து வாங்கிய படங்களைத்தான் மாட்டுவார்கள். ரோஜா நிறத்தில் ஒரு ஆள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிப்பான், கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். எங்கள் ஆட்கள் அதைக் கிழித்து டிபனுக்கு அடியில் விரித்துக்கொள்வார்கள். நான் ஆபீசர் அறைக்குப் போய் கார்டை நீட்டினேன். மெட்ராஸில் பெரிய ஓவியர், கூச்ச சுபாவம், நேரில் வரமாட்டார், படமும் பில்லும் என் மூலமாகத்தான் என்றேன். கூச்ச சுபாவம் என்றதும் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

"ஆர்ட்டிஸ்ட்னா அப்படித்தான் இருப்பாங்க" என்றார்.

அந்த ஆர்ட்டிஸ்ட் அப்போது நாற்பதடி தூரத்தில் உட்கார்ந்து ஒரு கியர் பாக்ஸுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் பஸ்ஸிலும் வீட்டிலுமாக வரைந்து அக்கா ஆறு படங்கள் தந்தார். எல்லாம் எங்கள் ஆட்கள். பிரஸ்ஸுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டே பின்னால் பேசுபவனைத் திரும்பிப் பார்க்கும் ஆபரேட்டர். கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு சூடான பட்டையைத் தூக்கும் ஹெல்பர். ஒரு படத்தில், தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டும் ஒருவன். அவன் தலைக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தும் சூப்பர்வைசர். ஆபீசர் வாய் திறந்து பார்த்தார். "மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு நம்ம லைனைப் பாத்த மாதிரி போட்டிருக்காரே! இதுதாம்ப்பா மேதை."

பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் சரியாக விழுங்க முடியவில்லை. படங்களுக்குக் கீழே தமிழில் வாசகம் எழுத வேண்டும், நம் டிரேசருக்கு எழுத்து அழகாக இருக்குமே என்று ஆபீசருக்கு யோசனை வந்தது. அக்காவை அழைத்தார். நானும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"கீழ எழுத்து மட்டும் எழுதிக் குடும்மா. படத்து மேல மை கிய் சிந்திடப் போற, ஜாக்கிரதை. அப்படியே இவர் லைன் எப்படிப் போடறார்னு பாத்துக்கோ. நாலு விஷயம் கத்துக்கலாம்."

"சரிங்க சார், கத்துக்கறேன்" என்றார் அக்கா. என்னை ஒரு தரம் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக லாரி வருகிறதா என்று பார்த்தேன். லாரி எதுவும் வருவதாக இல்லை.

மறுநாள் ஆறு படங்களும் பிரஸ் ஷாப்பில் ஏறின. ஷிப்டு மாறும் நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. "டேய், இது நம்ம ராணிப்பேட்டைக்காரன்டா!" "வாட்ச்சக் காட்டறது ஆரு தெரிதா? சொல்லாத, சொல்லாத, பின்னாடியே கீறாரு." பாதுகாப்பு வாரப் படத்தை எங்கள் ஆட்கள் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் எறும்பு அளவு எழுத்தில் அக்கா தன் பெயரையும், 'டிரேசர், டிராயிங் ஆபீஸ்' என்பதையும் எழுதியிருந்தார். அதையும் படித்தார்கள்.

மதியத்துக்குள் எங்கள் இருவருக்கும் ஆபீசர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. படத்தில் இருந்த சூப்பர்வைசரும் வந்து ஓரமாக நின்றிருந்தார். கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டிருந்தார்.

ஆபீசர் அக்காவிடம், "இன்னொருத்தர் படத்துல உன் பேரைப் போட்டிருக்கியே, இது திருட்டு இல்லையாம்மா? அந்தப் பெரிய மனுஷன் பாத்தா என்ன நினைப்பார்?" என்றார்.

அக்கா பதற்றப்படவே இல்லை. "அவரையே கேக்கலாம் சார். அவரு வூடு எங்க கீதுன்னு தம்பிக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அருமையான சந்தர்ப்பம். "அவரு... வெளியூர் போயிருக்கார் சார்" என்றேன்.

"எந்த ஊரு?"

"பெங்களூரு."

"எப்ப வருவார்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாருங்க. கூச்ச சுபாவம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விவரிக்கப் போவதில்லை. ஆபீசர் போனை எடுத்து, நம்பர் சொல்லு என்றார். அதற்குமேல் எனக்கு ஊர் எதுவும் அகப்படவில்லை. "மெட்ராஸ்ல யாரும் இல்ல சார். வரைஞ்சது அக்காதான்" என்றேன்.

ஆபீசர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிம்மதியானார். "அட, நம்ம ஸ்டாஃபா! அப்ப பில்லு எதுக்கு? கம்பெனி ஆள், கம்பெனி மை" என்றார். மேதை ஒரே நிமிஷத்தில் ஊழியர் ஆகிவிட்டார்.

"மை என்னுது சார். வூட்டுல போட்டது. பஸ்ஸுல போட்டது" என்றார் அக்கா. "பில்லு வேணாம்னா படத்தக் குடுத்துடுங்க."

சூப்பர்வைசர் அவசரமாக, "எடுத்துட்டுப் போவட்டும் சார், எடுத்துட்டுப் போவட்டும்" என்றார். ஆனால் எடுக்க முடியவில்லை. கழற்றப் போன ஆளை பிரஸ் ஷாப்காரர்கள் விடவில்லை. யூனியன் செயலாளர் வந்து, பாதுகாப்புக்கு வைத்த படத்தைப் பாதுகாப்பு வாரத்திலேயே எடுப்பது எந்த ஊர் ஞாயம் என்று கேட்டார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு பில் பாஸானது. சூப்பர்வைசர் படத்தில் மட்டும் கடிகாரத்தை மறைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அக்கா மறுத்துவிட்டார். படம் அப்படியே இருந்தது. சூப்பர்வைசர்தான் அந்த வாரம் முழுக்க வாட்ச் கட்டாமல் வந்தார்.

ஏப்ரலில் மறைமலைநகர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஆள் ஒருவர் எங்கள் பிரஸ் ஷாப்புக்கு வந்தபோது படங்களைப் பார்த்திருக்கிறார்; மூலையில் இருந்த எறும்பு எழுத்தையும் படித்திருக்கிறார். கவர் நேராக டிராயிங் ஆபீஸுக்கு, அக்கா பெயருக்கே வந்தது. நான் அடித்த நூறு கார்டில் ஒன்றுகூட அதுவரை ஒரு கடிதத்தை வரவழைத்ததில்லை.

"நானும் வரவா அக்கா? ரேட்டு பேசணும்ல" என்றேன்.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. உனக்கு வாய் கீது. விக்கத் தெரியல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதனால்தான் அதிகமாக வலித்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வா. மாதிரிக்குக் காட்டற படமெல்லாம் பெருசு. பஸ்ஸுல தனியாத் தூக்க முடியாது" என்றார்.

நான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். ரேட் கேட்டார். நான் எங்கள் கம்பெனியில் சொன்னதைப் போல மூன்று மடங்கை அக்கா சாதாரணமாகச் சொன்னார், சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். எனக்குத்தான் புரையேறியது. அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அடுத்த மூன்று வருஷத்தில் அக்கா டிரேசர் வேலையை விட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை எடுத்து, ஏழெட்டுக் கம்பெனிகளுக்கு வரைந்தார். அதெல்லாம் அந்த டீயில் தொடங்கியது.

கிளம்பும்போது அதிகாரி என்னைக் காட்டி, "இவர் உங்க மேனேஜரா?" என்று கேட்டார். என் கை சட்டைப்பையில் இருந்த கார்டுக்குப் போனது.

"இல்லீங்க" என்றார் அக்கா. "டெஸ்பாட்ச் கிளார்க்கு. படம் மடங்காம எடுத்துக்கினு வருவாரு."

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு ஒரு படம்கூட மடங்கவில்லை.