குப்புசாமி அளந்த கிணறு

என் நைனா குப்புசாமி பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். போன ஐப்பசியில், அறுபத்தெட்டு வயதில், மாரடைப்பில் போனார். அவர் நெய்த சேலைகளைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவர் அளந்த கிணற்றைப் பற்றி எழுதுகிறேன்.

ஓரிக்கைப் பக்கம், பாலாற்றங்கரையை ஒட்டி ஒரு பொதுக் கிணறு. 1993-ல் நிலத்தடி நீர்த் துறையினர் அதில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து எழுத ஆள் தேடினார்கள். படித்தவர்கள் யாரும் வரவில்லை. எட்டாவது வரை படித்த நைனா ஒத்துக்கொண்டார். மாதத்தையும் அளவையும் ஓர் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இரும்பு நாடாவின் நுனியில் சுண்ணாம்பு தடவி இறக்குவார். சுண்ணாம்பு எதுவரை நனைந்தது என்று பார்த்துக் கணக்குப் போடுவார். ஒருமுறை அளந்து நம்ப மாட்டார். இரண்டாவது முறையும் அதே அளவு வந்தால்தான் அட்டையில் ஏறும்.

"இன்னாபா குப்பு, பூமாதேவிக்கு ஜுரம் பாக்கிறியா?" என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

"ஜுரம் இல்லபா. அவளுக்கு வயசாவுது."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு மாதமும் விட்டதில்லை. கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது ஆட்டோவில் போய் அளந்தார்.

நான் நீரியல் படித்தேன். சென்னையில், பாலாற்றுப் படுகைக்கு 2050 வரை குடிநீர்த் திட்டம் போடும் குழுவில் இருக்கிறேன். கர்நாடக மலைப்பகுதியிலிருந்து வரும் பாலாறு, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் செய்யாறு, இரண்டையும் திருமுக்கூடல் வரை கணக்கில் எடுக்க வேண்டும். ஊர்கள் பெருகுகின்றன. தொழிற்சாலைகளும் பெருகுகின்றன. எல்லோரும் ஆற்று மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள்.

காஞ்சிபுரம் பகுதிக்கு நீண்டகால அளவு ஒரே ஒரு கிணற்றில்தான் இருந்தது. நைனாவின் கிணறு. போனில் சொன்னேன்.

"என் அட்டைங்களையா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினு இருக்கிறீங்க?"

"ஆமா நைனா."

"பேரு போடுவாங்களாமா?"

"பின்னாடி இணைப்புல போடுவாங்க."

"பின்னாடின்னா இன்னா. போட்டா சரி."

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

1993-ல் தண்ணீர் பத்தொன்பது அடி ஆழத்தில் இருந்தது. 2024-ல் இருபத்திரண்டு. முப்பத்தொரு வருடத்தில் மூன்றடிதான் இறக்கம். அதை வைத்து, நாளொன்றுக்கு இன்னும் எண்பது லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று நான் எழுதினேன். வரைவறிக்கை தயாரானது. கையெழுத்து மட்டும் பாக்கி.

அதற்குள் அவர் இறந்தார்.

காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு மாத அளவு விட்டுப்போயிருப்பது நினைவுக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அளந்தேன். இருபத்தேழடி. திரும்ப இறக்கினேன். இருபத்தேழு. மூன்றாவது முறையும் அதேதான். ஒரு மாதத்தில் ஐந்தடி இறங்காது. அதுவும் கார்த்திகை மழையில்.

பக்கத்துச் சாயப்பட்டறையின் வாசலில் லோகாம்பாள் நூல் உலர்த்திக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அங்கே வேலை செய்கிறவர்.

"இன்னாமா துர்கா, உங்க நைனா மாதிரியே எட்டி எட்டிப் பாக்கிற. உள்ள விழுந்துடப் போற."

"தண்ணி ரொம்பக் கீழ இருக்குதுக்கா."

"இருக்காதா பின்ன? காலைலேர்ந்து பதினோரு பட்டறையிலயும் மோட்டார் ஓடிக்கினு இருக்குது. உங்க நைனா அமாவாசைக்குத்தான வருவாரு? அன்னிக்கு நாங்க மோட்டாரே போட மாட்டோமே."

காஞ்சியில் அமாவாசையன்று தறி ஓடாது. நெசவாளர்களுக்கு மாதத்தில் ஒரு விடுமுறை அது. தறி ஓடாவிட்டால் சாயப்பட்டறைக்கும் வேலை இல்லை. நைனா தனக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாளில் கிணற்றுக்குப் போயிருக்கிறார். கிணற்றுக்கும் ஓய்வு அதே நாள்தான்.

வீட்டுக்கு வந்து, அட்டை அனுப்புமுன் அவர் தேதி போட்டுக் குறித்துவைத்த நோட்டைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்தேன். எல்லாமே அமாவாசை. ஒவ்வோர் அளவும் சரி. ஆனால் ஆரம்பத்தில் இரண்டு பட்டறைகள். இப்போது பதினொன்று. மற்ற இருபத்தொன்பது நாளும் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பது அந்த நோட்டில் எங்கும் இல்லை. அட்டையில் தேதிக்கு இடம் கிடையாது. முதுகலை வரை படித்த நான், எந்தத் தேதியில் அளந்தாய் என்று அவரை ஒருமுறையும் கேட்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. திட்டம் நிறைவேறும், பத்து வருடத்தில் குழாய்கள் வற்றும், மழை பொய்த்தது என்பார்கள். நைனாவின் பெயர் அப்படியே இருக்கும்.

விடுப்பை நீட்டி மூன்று வாரம் தினமும் அளந்தேன். திரும்பக் கணக்குப் போட்டேன். எண்பது லட்சம் முப்பது லட்சமாக இறங்கியது. குழுத் தலைவர் இம்தியாஸிடம் சொன்னேன். அவர் வரைவறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டினார்.

"கணக்குலேர்ந்து அந்தக் கிணத்தையே எடுத்துடலாமா துர்கா? சுலபமா முடிஞ்சிடும்."

"வேணாம் சார். அளவு தப்பில்ல. அத நாம படிச்ச விதம்தான் தப்பு."

"மீதி அம்பது லட்சத்துக்கு எங்க போறது?"

"தெரியல சார்."

அது உண்மை. இன்றும் தெரியாது. மலையிலிருந்து வரும் எல்லாத் தண்ணீரையும் ஏற்கெனவே யாரோ கேட்டுவிட்டார்கள்.

திருத்திய அறிக்கை வந்த அன்று அம்மா கேட்டாள்.

"பேரு இருக்குதா?"

"இருக்குதும்மா. கீழ ஒரு வரி சேத்திருக்கேன்."

"இன்னான்னு?"

"எல்லா அளவும் லீவு நாள்ல எடுத்ததுன்னு."

அம்மா அந்த வரியின் மேல் விரலை ஓட்டினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

"இந்த மனுசனுக்கு லீவே கெடையாதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள்.

பிறகு அறிக்கையை என்னிடம் கொடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனாள்.